ஏழு மணி இரண்டு நிமிடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிவிட்டோம். ஆறே முக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். மாடி வீட்டு பாய் நின்றுகொண்டிருந்தார். தலையில் தொழுகைத் தொப்பி, கையில் முழ நீளத்துக்கு ஒரு ஸ்குரூ டிரைவர்.

"இன்னா சார், மோட்டார் சத்தம் கேக்கல. எல்லாம் நல்லா கீதா?"

தினமும் ஆறே காலுக்கு நான் தண்ணீர் மோட்டார் போடுவேன். அன்று போடவில்லை. அரை மணி நேரம் மேலே காத்திருந்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறோம், இன்று ஞாயிற்றுக்கிழமை என்றேன். போன ஞாயிறும் அதற்கு முந்தைய ஞாயிறும் ஆறே காலுக்குப் போட்டீர்களே என்று கேட்டார். அது உண்மை. ஸ்குரூ டிரைவர் எதற்கு என்றேன். கதவைப் பெயர்க்க வேண்டி வந்தால் திரும்ப மாடி ஏறி இறங்க நேரமாகும் என்று பதில் வந்தது. நாம செத்துக் கிடந்தாத்தான் இந்த மனுஷனுக்குத் திருப்தி போல என்று என் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். அது அவர் காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டே படி ஏறினார்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த வீட்டில் நாங்கள் கீழே, அவர் மேலே. ஆறு வருடம் அப்படி இருந்தோம். அவர் பெயரை எழுதப்போவதில்லை. இதில் ஒரு விஷயம் ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒருவர் தமிழில் எதுவும் படிப்பதில்லை என்பதால்தான் இவ்வளவாவது எழுதுகிறேன். தெருவில் எல்லோருக்கும் அவர் பாய். அது போதும்.

சத்தம் கேட்டால் அவர் அசையமாட்டார். பட்டாசு வெடித்தாலும், பக்கத்துக் காலி மனையில் ஆழ்துளை போடும் இயந்திரம் நாள் முழுக்க அலறினாலும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வழக்கமாக வரும் சத்தம் வராவிட்டால்தான் எழுந்துவிடுவார். எதிர்வீட்டு கேட்டில் பால் பாக்கெட் எட்டு மணிக்கு மேலும் தொங்கினால் போய் மணி அடிப்பார். அந்த வீட்டு ரிடையர்டு வாத்தியார் ஒருமுறை கோபித்துக்கொண்டார். நான் எத்தனை மணிக்குப் பால் எடுக்க வேண்டும் என்று ரயில்வேயில் டைம்டேபிள் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். பாய் பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுவாரம் மறுபடி மணி அடித்தார்.

ரயில்வே என்று வாத்தியார் சொன்னதற்குக் காரணம் உண்டு. பாய் முப்பது வருடம் தாம்பரம் பக்கத்தில் சிக்னல் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையைப் பற்றி எனக்கு அவர் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லித் தந்தார், அதையும் பலமுறை. பச்சை எரிய வேண்டுமானால் கரண்ட் தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும். கம்பி அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், எலி கடித்தாலும் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போகும், டிரைவர் நின்றுவிடுவார். ஏதாவது கெட்டுப்போனால் வந்து சொல் என்று யாரையும் அங்கே நம்பி வைப்பதில்லை. நன்றாக இருக்கிறேன் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சொல்வது நின்றால் சிவப்பு.

இந்தக் கணக்கை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்தார்.

அதற்கு முன் முடிச்சூரில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீர் உள்ளே நின்றுவிட்டு வடிந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் கட்டியாகிவிட்டன. அவர் மனைவி அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்திருந்தார். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரிக்கப் போனால் முகம் உரிந்து மறுபக்கத்தோடு வந்தது என்றார். அதன் பிறகு சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய், அவர்களுடைய கல்யாண ஆல்பங்களில் தன் மனைவி எங்காவது ஓரமாக நிற்கும் படங்களைத் தேடி ஸ்கேன் செய்துகொண்டு வந்தார். அவற்றைச் சேமித்து வைக்கத்தான் வீட்டிலேயே ஒரு சர்வர் அமைத்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, மாடி வீட்டுப் பரண் மேல் ஏற்றி வைத்தார். முன்பின் தெரியாத யாருடைய கம்ப்யூட்டரிலோ வாடகைக்கு வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

சர்வரை ஓட வைக்க ஒரு நாள் ஆனது. அது ஓடுகிறதா என்று கண்காணிக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் ஆனது.

ஞாயிறு மதியங்களில் மாடியில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தோம். எனக்குக் கையெழுத்து ஒழுங்காக வரும், கட்டம் போட்டு எழுதும் பழக்கமும் உண்டு. ஒப்பிட்டு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எதைப் பார்க்கும், எப்படிச் சொல்லும், அதுவே நின்றுபோனால் என்ன ஆகும் என்று மூன்று பத்தி. முதலில் போட்டுப் பார்த்தது எல்லாவற்றுக்கும் போனை அடித்தது. டிஸ்க் கொஞ்சம் சூடானால் அடிக்கும், இன்டர்நெட் ஒரு நொடி தயங்கினால் அடிக்கும். ஒரே வாரத்தில் போன் சிணுங்கினாலும் திரும்பிப் பார்க்காத நிலைக்கு அவர் வந்துவிட்டார். பழகிடுச்சு சார், பழகிட்டா அதுக்கப்புறம் அது இருந்தும் பிரயோஜனம் இல்ல என்று கழற்றிவிட்டார். இரண்டாவது அழகான வரைபடங்கள் போட்டது. எனக்கு அதுதான் பிடித்தது. யார் சார் நாள் முழுக்க உக்காந்து பாக்கறது என்றார். மூன்றாவதில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் அது அதே சர்வருக்குள் ஓட வேண்டும்.

"அதுவே செத்துட்டா யாரு சார் சொல்றது? மவுத்துச் செய்தியை மய்யித்தே எழுந்து வந்து சொல்லுமா?"

பிணமே எழுந்து வந்து சாவுச் செய்தி சொல்வதை நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நான்காவது ஒன்று கிடைத்தது. அது எதையும் போய்ப் பார்க்காது. அது நமக்கு ஒரு இணைப்பு, அதாவது லிங்க், தரும். தினமும் படங்களைப் பிரதி எடுக்கும் வேலை முடிந்ததும், சர்வர் அந்த இணைப்பை ஒருமுறை தொட வேண்டும். டிஸ்க்கும் யு.பி.எஸ்.ஸும் நன்றாக இருப்பதைச் சொல்ல, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தனித்தனியாகத் தொட வேண்டும். தொட்டால் பெயருக்கு எதிரே பச்சை. குறித்த நேரத்துக்குள் தொடாவிட்டால் சிவப்பாகி போனை அடிக்கும். இதைப் படித்துப் புரிந்துகொண்ட உடனே கீழே இறங்கி வந்து, இது நம்ம ஆளு சார் என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பிறகு நான் பார்த்ததாக நினைவில்லை.

காவல்காரன் காவல் காக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடாது என்பதால், அந்த மென்பொருள் ஓடும் உள்ளங்கை அளவுப் பெட்டியை எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் கொண்டுவந்து வைத்தார். என் மனைவி அதன் மேல் துணி போட்டு மூடினாள். சூடாகிவிடும் என்று அவர் எடுத்துப் போட்டார். அவர் போனதும் அவள் மறுபடி மூடினாள். எச்சரிக்கை அவர் போனுக்கும் என் போனுக்கும் வரும்படி அமைத்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் சர்வர் கேபிளைப் பிடுங்கிவிட்டு மேலே காத்திருப்பார். பத்து நிமிடத்துக்குள் நான் கூப்பிடவில்லை என்றால் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். அடிச்சுப் பாக்காத மணி இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா என்பார். அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் ஓடிய காலத்தில், கடைசி இரண்டு மாதம் தவிர, ஒரு மாதம்கூட அவர் அந்தச் சோதனையைத் தவறவிட்டதில்லை.

அப்படி ஒரு சோதனை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி இறந்ததைச் சொன்னார். அவர் அன்று வேலையில் இருந்தார். அந்த அம்மாவுக்குக் காலையிலிருந்தே நெஞ்சு வலித்திருக்கிறது. வேலையில் இருப்பவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று படுத்துக்கொண்டார். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"போன் வரல, அதனால நல்லா இருக்கான்னு நெனச்சுக்கினேன் சார். போன் வரலன்னா போன் வரலன்னு மட்டும்தான் அர்த்தம். அது அப்ப எனக்குத் தெரியல."

டீயைக் குடித்து முடித்து, டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மகள் படிப்பை முடித்துப் புனேயில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலைக்குப் போன முதல் வாரமே அவள் போனில் ஒரு இணைப்பைப் போட்டுக் கொடுத்திருந்தார். காலை ஏழரைக்குள் அதை ஒருமுறை தொட்டுவிட வேண்டும். பேச வேண்டாம், எழுத வேண்டாம், தொட்டால் போதும். அவருடைய பக்கத்தில் ஏற்கெனவே மூன்று வரிகள் இருந்தன: பேக்கப், டிஸ்க், யு.பி.எஸ். நான்காவது வரியாக 'புள்ள' என்று சேர்த்தார். விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்து உட்கார்ந்தால், அந்த நான்காவது வரி பச்சையாகும்வரை டீ போடமாட்டார்.

அவள் தொட்ட நேரங்கள் ஒரு கோடாக அந்தப் பக்கத்திலேயே விழும். ஞாயிறு மாடிக்குப் போகும்போது அதைக் காட்டுவார். எனக்கு அதைப் பார்ப்பதில் ஒரு ருசி ஏற்பட்டது. ஆறு நாற்பது, ஏழு இருபத்தெட்டு, ஆறு ஐம்பத்தைந்து என்று கோடு மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். சனி, ஞாயிறு மேலே ஏறும். அலுவலகத்தில் அவசர வேலை இருந்த வாரம் கீழே கிடக்கும். அவளுக்குச் சளி பிடித்திருந்ததைக்கூட ஒருமுறை அந்தக் கோட்டை வைத்துச் சொன்னேன். பாய்க்கு அதில் பெருமை. சார் ஃபேக்டரியில இதே வேலை பாக்கறவர் என்று மகளிடம் போனில் சொன்னார்.

ஒருநாள் அவள் போனில் சார்ஜ் இறங்கிப்போய் அணைந்துவிட்டது. ஏழரைக்குச் சிவப்பு விழுந்தது. எட்டு மணிக்குள் அவர், அவளுடைய அறைத் தோழி, வீட்டு உரிமையாளர், மேனேஜர் என்று மூன்று பேரைக் கூப்பிட்டுவிட்டார். அந்த முறை பெருநாளுக்கு ஊருக்கு வந்தவள், எங்கள் சமையலறையில் உட்கார்ந்து என் மனைவியிடம் அழாத குறையாகச் சொன்னாள். நான் கூடத்தில் இருந்தேன்.

"மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் மேனேஜர் கேக்கறார் ஆன்ட்டி, இன்னிக்கு உயிரோட இருக்கேன்னு வீட்டுக்குச் சொல்லியாச்சான்னு."

அப்பாவிடம் எடுத்துச் சொல்லேன் என்றாள் என் மனைவி. சொல்லியாயிற்று என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை நினைவிருக்கிறது.

"லேட்டானா ஏன் லேட்டுன்னு கேக்க கூப்பிடறார். கரெக்டா அழுத்திட்டா கூப்பிடறதே இல்ல. பச்சை வந்துட்டா அத்தாவுக்கு என்கிட்ட பேச ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

அடுத்த ஜனவரியில் ஒரு ஞாயிறு, சோதனை இல்லாத ஞாயிறு, பாய் என்னை மேலே கூப்பிட்டார். திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று வாரமாகக் கோடு ஆடவே இல்லை. ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேராகப் போயிருந்தது. ஏழு மணி இரண்டு நிமிடம். திங்களும் ஏழு இரண்டு, ஞாயிறும் ஏழு இரண்டு.

"பாருங்க சார். எப்டி?" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரமாதம் என்றேன். இப்போதுதான் உங்கள் மகள் என்று சொல்லும்படி ஆயிருக்கிறாள் என்றேன். என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில், பாயின் மகள் ஒழுங்குக்கு வந்துவிட்டாள், விடுமுறையிலும் 7.02 என்று எழுதியிருக்கிறேன்.

மதியம் சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

"தலைக்குக் குளிக்கிற நாள், வயித்து வலி நாள், ஜுரம் அடிக்கிற நாள், எல்லா நாளும் ஏழு ரெண்டா? எந்தப் பொண்ணு அப்படி எழுந்துக்கும்?"

ஒழுங்காக இருப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றேன். அதுக்கு நீங்க ஒருத்தர் போதும் என்று மீதிக் குழம்பை ஊற்றினாள்.

கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பது என் வேலை. இயந்திரத்தில் வேலை செய்பவர்கள் மணிக்கு ஒருமுறை ஒரு பாகத்தை எடுத்து அளந்து தாளில் எழுத வேண்டும். உண்மையாக அளந்தால் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே வரும். எட்டு மணி நேரமும் ஒரே எண் வந்திருந்தால், அளக்காமல் உட்கார்ந்த இடத்தில் எழுதியிருக்கிறான் என்று பொருள். அப்படிப்பட்ட தாளைப் பார்த்த உடனே கையோடு எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். இருபது வருடமாக இது எனக்குத் தெரியும். அன்று என் மனைவி கரண்டியை நிறுத்திய நேரத்திலேயே இதுவும் அப்படித்தான் என்று தெரிந்துவிட்டது. அவள் கை தொடவில்லை. தினமும் ஏழு இரண்டுக்கு அந்த இணைப்பைத் தானாகத் தொடும்படி அந்தப் பெண் தன் லேப்டாப்புக்குச் சொல்லிவிட்டிருக்கிறாள். சர்வர் தொடுகிற அதே விதத்தில்.

நான் மாடி ஏறிப் போய்ச் சொல்லவில்லை. வளர்ந்த பெண், ஒரு தொல்லையிலிருந்து தப்பிக்கிறாள், அது அவர்கள் குடும்ப விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் அவர் வீட்டு டீ டம்ளர் சத்தம் இப்போதெல்லாம் ஏழு ஐந்துக்கே கேட்கிறது, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்றும் நினைத்தேன். ஐந்து மாதம் போனது. ஞாயிறுகளில் மாடிக்குப் போனேன். கோட்டைப் பார்த்தேன். பாராட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

ஜூனில் ஒரு சனிக்கிழமை, பதினொரு மணி இருக்கும். பாய் படி இறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றார். புனேயிலிருந்து அவள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் இந்தியில் பேசியிருக்கிறார். இரண்டு நாளாக அவள் கதவைத் திறக்கவில்லை, அன்று காலை உடைத்திருக்கிறார்கள். மஞ்சள் காமாலை முற்றி நினைவில்லாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. வீட்டு உரிமையாளர் சொன்னதிலிருந்து மற்றதும் தெரிந்தது. மார்ச் மாதமே அவளுக்கு வேலை போய்விட்டது. அறைத் தோழி காலி செய்துவிட்டுப் போயிருக்கிறாள். அதன் பிறகு இவள் பெரும்பாலும் வெளியே வந்ததில்லை, சரியாகச் சாப்பிட்டதும் இல்லை.

அவர் கையில் போன் இருந்தது. அதில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. நான்கு வரியும் பச்சை. அவள் கதவுக்குப் பின்னால் கிடந்த அந்தக் காலையிலும் ஏழு இரண்டுக்குத் தொட்டிருந்தது.

நான் விமான டிக்கெட் பார்த்தேன், என் மனைவி அவருக்கு ஒரு பையில் துணி எடுத்து வைத்தாள். மீனம்பாக்கம் வரை நானும் கூடப் போனேன். குரோம்பேட்டையில் கார் நெரிசலில் நின்றது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"பாய், எனக்கு ஜனவரியிலேயே சந்தேகம் வந்தது. சொல்லியிருக்கணும்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற பஸ் நகர்ந்து, நாங்களும் கொஞ்சம் நகர்ந்தோம்.

"எனக்கு நாலாவது நாளே தெரியும் சார்," என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"கை அழுத்தினா அப்டி வராது. முப்பது வருஷம் இதத்தானே பாத்துகினு இருந்தேன். எங்க வேலையில ரெண்டு மாதிரி கெட்டுப்போவும். சிவப்பு தப்பா விழுந்தா வண்டி லேட்டாவும், பேஜார், அவ்ளோதான். பச்சை தப்பா விழுந்தா..." அதை அவர் முடிக்கவில்லை.

அப்படியானால் ஏன் அவளிடம் கேட்கவில்லை என்றேன். அதைக் கேட்டிருக்கக்கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

"கேட்டா நிறுத்திடுவா. நிறுத்திட்டா அந்த எடம் காலியா நிக்கும். பொய்யா இருந்தா இன்னா சார், காலைல எழுந்தா பச்சை வருது இல்ல. அதைப் பாத்துட்டு டீ குடிச்சுடுவேன்."

விமான நிலையத்தில் இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரியும்ன்றது அவளுக்குத் தெரிய வேணாம் சார், தெரிஞ்சும் வரலன்னு அவ நெனைக்கக்கூடாது என்றார். நான் வாக்குக் கொடுத்தேன்.

தனியாகத் திரும்பி வரும்போதுதான் அந்த ஞாயிறு நினைவுக்கு வந்தது. திரையைத் திருப்பிவிட்டு அவர் கோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமைக்காகக் கூப்பிட்டுக் காட்டினார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எண்களைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதைத் தொழிலாக வைத்திருக்கும் ஒருவன் கீழ் வீட்டில் இருக்கிறான். தன்னால் சொல்லிக்கொள்ள முடியாததை அவன் வாயால் கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டிருப்பார். நான் பிரமாதம் என்றேன்.

மகள் பிழைத்தாள். ஐந்து வாரம் கழித்து அழைத்துக்கொண்டு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. படி ஏறும்போது அவர் அவளைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. ஒரு கையை அவள் முதுகுக்குப் பின்னால் காற்றில் வைத்துக்கொண்டே ஏறினார்.

அதன் பிறகு முதல் ஞாயிறுகளில் என் போன் அடிக்கவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு நானே மேலே போய்க் கேட்டேன். வேணாம் சார் என்றார். எங்கள் டிவி ஸ்டாண்டில் இருந்த பெட்டியையும் வந்து எடுத்துப்போனார். என் மனைவி துணியை மடித்து உள்ளே வைத்தாள். மாடியில் இரண்டு பேர் இருந்தார்கள், பேச்சுச் சத்தம் குறைவாகவே கேட்டது. மகள் பெரும்பாலும் அறைக்குள் இருந்தாள். அவர் கூடத்தில் நாற்காலியை அவள் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருப்பதை மேலே போனபோதெல்லாம் பார்த்தேன். பேப்பர் மடியில் இருக்கும். என்னம்மா பண்ற என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் என்று என் மனைவி ஒருமுறை சொல்லிவிட்டாள். கேட்கலாம் என்றார். கேட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. மகள் மெல்லத் தேறி, வீட்டிலிருந்தே ஏதோ வேலை பார்க்க ஆரம்பித்திருந்தாள். பாய் ஒரு பிற்பகலில் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்தார். இதயம். அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த வாரம் அவள் வீட்டைக் காலி செய்தாள். திருச்சியில் பெரியம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். பரணிலிருந்து சர்வரை இறக்க என்னைக் கூப்பிட்டாள். ஸ்டூலில் ஏறி, கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெட்டியை அவளிடம் கொடுத்தேன். அதைத் தரையில் வைத்து ஒரு பழைய போர்வையால் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"அங்கிள், அந்த லேப்டாப் விஷயம். அத்தாவுக்கு முன்னாடியே தெரியாதுதானே? சந்தேகம்கூட வந்ததில்லதானே?"

எந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"தெரியாதும்மா. உன்னை முழுசா நம்பிட்டு இருந்தார்."

அவள் போர்வையின் முனையை உள்ளே செருகினாள்.

"ஒருவேளை தெரிஞ்சே சும்மா இருந்தாரோன்னு நெனச்சேன். அப்படி இருந்தா கொஞ்சம் பரவால்லன்னு தோணும். ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின மாதிரி ஆகும்." பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "நான் மட்டும்தான் போல."

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். பெட்டியை நான் தூக்க வந்தேன், வேண்டாம் என்று அவளே தூக்கிக்கொண்டாள். படியில் அவள் முன்னால் போக, நான் பின்னால் இறங்கினேன். பதினெட்டுப் படிகள். வண்டியில் சாமான்களை அடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அவள் முன் சீட்டில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கும் என் மனைவிக்கும் கை காட்டினாள். நானும் கை காட்டினேன்.